ஐந்தாவது எலுமிச்சம்பழம்

புதுக் கார் வாங்குகிறவன் முதலில் நான்கு எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். நான்கு சக்கரங்களுக்கும் அடியில் ஒவ்வொன்றாக வைத்து, நல்ல நேரம் பார்த்து, வண்டியை முன்னால் நகர்த்தி நசுக்கிவிட்டால் திருஷ்டி கழிந்தது. 2023-ஆம் வருஷம் தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நானும் அப்படியே செய்தேன். நான்கும் நன்றாகவே நசுங்கின. பிற்பாடுதான் ஒரு சமாசாரம் தெரிய வந்தது. அமெரிக்காவில், வாங்கின நாள் முதல் மக்கர் பண்ணுகிற காருக்குப் பெயரே 'லெமன்' தானாம், அதாவது எலுமிச்சம்பழம். ஆகவே கணக்குப் பார்த்தால், நான் நான்கு பழங்களை நசுக்கிவிட்டு ஐந்தாவதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தாவது பழத்தின் விலை பத்தரை லட்சம் ரூபாய். அதில் எட்டு லட்சம் பாங்கிக் கடன். வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதம் ஐந்தாம் தேதி பாங்கியில் பிடித்துக்கொள்கிறார்கள்.

மதுரையில் எங்களுக்கு அந்தக் காரை விற்ற டீலரின் பெயரையும், அதைச் செய்த கம்பெனியின் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. வழக்கு நடக்கிறது என்பது ஒரு காரணம். பெயரைச் சொல்லிவிட்டால், "ஓகோ, அந்த ஷோரூமா? நாம் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம்" என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள் என்பது இன்னொரு காரணம். அந்த நிம்மதியை உங்களுக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

காரைக் கையில் ஒப்படைக்கிற வைபவம் இருக்கிறதே, அது ஒரு கல்யாண வீடு. வண்டியைப் பட்டுத் துணியால் மூடி, ரிப்பன் கட்டி, விளக்குப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். என் தாயாரை நாற்காலியில் உட்கார வைத்து ரோஜாப்பூக் கொடுத்தார்கள். இரண்டு முழ நீளத்துக்கு அட்டையில் செய்த சாவி ஒன்றை என் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். கேக் வெட்டச் சொன்னார்கள். அப்போது மணி பத்தேகால். பத்தரைக்கு ராகு காலம். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து, "முகூர்த்தம் தப்பிவிடப் போகிறது ஸார், பென்சிலில் குறி போட்ட இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்றான். போட்டேன். எழுத்தையே தொழிலாகக் கொண்டவன், இருபது காகிதங்களில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அவற்றில் ஒன்று, 'வண்டியை முழுவதும் பரிசோதித்து, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்பது. நம்முடைய ராகு காலம் நம்மைவிட அவர்களுக்கு அதிகமாக உபயோகப்படுகிறது. என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதிர்க்கட்சி வக்கீலுக்கு அந்த வேலை மிச்சம்.

பதினோராவது நாள் பழனிக்குப் போய்விட்டு இரவு திரும்பிக்கொண்டிருந்தோம். திண்டுக்கல் தாண்டி, வாடிப்பட்டி நெருங்குகிற இடம். நான்கு வழிச் சாலை. எண்பதில் போய்க்கொண்டிருந்த வண்டியின் என்ஜின், ஒரு சத்தமும் போடாமல், நின்றுவிட்டது. விளக்கு எரிகிறது, பாட்டுப் பாடுகிறது, என்ஜின் மட்டும் இல்லை. ஸ்டியரிங் கையில் கனத்தது. பிரேக் முதல் மிதிக்குக் கேட்டது, அப்புறம் கல்லாகிவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் ஒரு புண்ணியவான். ஹாரனை அழுத்தியபடியே, கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி ஒடித்துக்கொண்டு போனார். வண்டி எப்படியோ உருண்டு ஓரத்துக்கு வந்தது. பின் ஸீட்டில் விபூதிப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த என் தாயார், கொஞ்ச நேரம் கழித்து, "புது வண்டிதானேடா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஐந்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காத மாதிரி அழகாகக் கிளம்பிற்று.

மறுநாள் காலையிலேயே ஷோரூமின் பட்டறைக்குப் போனேன். வண்டி நின்றதைப் பற்றி இனி அதிகமாகச் சொல்லப் போவதில்லை. எட்டு மாதத்தில் ஏழு தடவை நின்றது. ஆறு தடவை பட்டறைக்குப் போயிற்று. சேர்ந்தாற்போல் நாற்பத்தோரு நாள் அங்கே கிடந்தது. நான் பேச வந்தது வண்டியைப் பற்றிக்கூட அல்ல, ஒரு காகிதத்தைப் பற்றி. அதற்கு 'ஜாப் கார்டு' என்று பெயர்.

வண்டியைப் பட்டறையில் விட்டதும் ஓர் இளைஞர் நம்மை எதிரே உட்கார வைத்து, என்ன குறை என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்துகொள்கிறார். அந்தக் காகிதம்தான் ஜாப் கார்டு. 'ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் நின்றுவிட்டது' என்று நான் சொன்னேன். வந்த காகிதத்தில், 'வாடிக்கையாளர் கருத்து: வண்டி ஓட்டத்தில் திருப்தி இல்லை' என்று இருந்தது. நான்கு நாள் கழித்து வண்டியைத் திரும்ப எடுத்தபோது, அதற்குக் கீழே, 'சோதிக்கப்பட்டது. குறை எதுவும் காணப்படவில்லை' என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு லாரி என் தாயாரை ஒரு சாண் தூரத்தில் விட்டுவிட்டுப் போன சம்பவம் 'ஓட்டத்தில் திருப்தி இல்லை' ஆகிவிட்டது! இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். ஒரு சம்பவத்தை இவ்வளவு சுத்தமாகக் கொலை செய்ய எனக்கு வராது.

இரண்டாவது தடவை, "பெட்ரோல் எங்கே போடுகிறீர்கள், ஸார்?" என்று விசாரித்தார்கள். மூன்றாவது தடவை, "கிளட்சின் மேல் கால் வைத்தபடியே ஓட்டுகிற பழக்கம் உண்டா?" என்றார்கள். நான்காவது தடவை மானேஜரே அறைக்குள் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, "இது இந்த மாடலுடைய சுபாவம், ஸார். போகப் போகப் பழகிவிடும்" என்றார். எது பழகிவிடும் என்று கேட்டேன். நடு ரோட்டில் நிற்பதா, பின்னால் லாரி வருவதா? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கே யாருக்குமே கோபம் வராது. கோபப்படுகிறவன் எப்போதும் நான் ஒருவன்தான்; அதனால் பார்க்கிறவர்களுக்கு நான்தான் அநியாயக்காரனாகத் தெரிந்தேன்.

ஆறாவது தடவை ஒரு முடிவோடு போனேன். "நான் சொல்கிற வாக்கியத்தை நான் சொன்னபடியே எழுதினால்தான் கையெழுத்து" என்றேன். அந்த இளைஞர் பாவம், கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "நாங்களாக எதையும் டைப் அடிக்க முடியாது, ஸார். இந்தப் பட்டியலில் இருப்பதில் ஒன்றைத்தான் தொட முடியும்." பார்த்தேன். சத்தம் உண்டு, அதிர்வு உண்டு, மைலேஜ் குறைவு உண்டு, ஏ.ஸி. குளிர்ச்சி போதவில்லை உண்டு. ஓடும்போது நின்றது என்பது மட்டும் இல்லை. நான் பேனாவை எடுத்து, அச்சடித்த காகிதத்தின் குறுக்கே தமிழில் அந்த வாக்கியத்தை எழுதி, தேதி போட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தை வாங்கிக்கொள்ள மாட்டோம் என்றார்கள். வாங்கிக்கொள்ளாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். இரண்டு மணி நேரம் கழித்து, பக்கத்து மேஜையில் கார் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்த பிறகு, வாங்கிக்கொண்டார்கள்.

அன்று வாசலுக்கு வந்தபோது பட்டறைப் பையன் ஒருவன் பின்னாலேயே வந்தான். உள்ளே 'ஸார்' என்று கூப்பிட்டவன், வெளியே வந்ததும் 'அண்ணே' என்றான். "அண்ணே, டாங்குக்குள்ள இருக்கிற பெட்ரோல் பம்புதான். சூடு ஏறினா நிக்கும், ஆறினா ஓடும். நம்ம கைக்கே இதோட நாலு வண்டி வந்திருச்சு. என் பேரைச் சொல்லிராதீங்க." இப்போது அவன் அந்தப் பட்டறையில் இல்லை, மதுரையிலும் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். சாட்சி சொல்ல வருகிறாயா என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை வந்திருப்பான். அதற்கப்புறம் எந்த ஷோரூமும் அவனைச் சேர்த்துக்கொள்ளாது. என் பத்தரை லட்சத்துக்கு அவன் பிழைப்பை ஈடு வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஆயிரக்கணக்கான பாகம் உள்ள யந்திரம். ஒன்றிரண்டு கோளாறாவது சகஜம்தானே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாஸ்தவம். கோளாறான கார் ஒன்று தொழிற்சாலையிலிருந்து வந்துவிட்டது என்பதற்காக நான் யார் மேலும் சண்டைக்குப் போகவில்லை. 2020-ஆம் வருஷம் ஜூலை மாதம், நம் நாட்டின் மிகப் பெரிய கார்க் கம்பெனியே, பெட்ரோல் பம்பில் கோளாறு இருக்கலாம் என்று சொல்லி 1,34,885 கார்களைத் திரும்ப அழைத்துச் சோதித்தது. என் கார் அந்தக் கம்பெனிக் கார் அல்ல. ஆனால் பம்பு என்கிற சாமான் கெட்டுப் போகக்கூடியது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதே கோளாறை அவர்களாகக் கண்டுபிடித்தால் அது பொறுப்புணர்ச்சி, பத்திரிகையில் செய்தி. நான் கண்டுபிடித்துச் சொன்னால் அது என் பிரமை, என் கால், நான் போட்ட பெட்ரோல்.

மதுரையில் மாட்டுத்தாவணி என்றால் இன்று பஸ் நிலையம். பெயருக்கு ஏற்ப ஒரு காலத்தில் அந்தப் பக்கம் மாட்டுச் சந்தை கூடியது. எங்கள் வீட்டிலும் சந்தையில் மாடு பிடித்தவர்கள்தான். தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். அதில் எவ்வளவு சூது உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாங்குகிறவன் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கலாம். சுழி பார்க்கலாம். நடக்க விட்டுப் பார்க்கலாம். நான் வாங்கிய காரின் வாயைத் திறக்க எனக்கு உரிமை கிடையாது. அதன் மூளையில் என்ன பதிந்திருக்கிறது என்று படிக்கிற கருவி அவர்களிடம் இருக்கிறது. இதே கோளாறுடன் எத்தனை வண்டி வந்தது என்கிற கணக்கு அவர்களிடம் இருக்கிறது. வெளியே நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து டாங்கைத் திறந்து பார்க்கலாம் என்றால், உத்தரவாதம் ரத்தாகிவிடும் என்கிறார்கள். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர், இந்த எலுமிச்சம்பழக் கார்களையே தலைப்பாக வைத்து 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாமல் இருந்தால் சந்தை என்ன கதியாகும் என்பது விஷயம். அவருக்கு 2001-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் சொன்னது பழைய கார்ச் சந்தையைப் பற்றி. புதுக் காருக்கும் அது பொருந்தும் என்பதற்கு நான் உதாரணம்.

இத்தனை அறிவையும் தங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, "குறை இருந்தால் நிரூபியுங்கள்" என்று என்னிடம் சொல்கிறார்களே, அதைத்தான் நான் அக்கிரமம் என்கிறேன். நிரூபிக்க வேண்டிய பாரம் யாரிடம் கருவியும் கணக்கும் இருக்கிறதோ அவர்கள் தலையில் அல்லவா ஏற வேண்டும்?

யாரிடம் கேட்பது என்பது அடுத்த கூத்து. டீலரைக் கேட்டால், "நாங்கள் விற்கிறவர்கள்தான், ஸார். பம்பை மாற்றக் கம்பெனி உத்தரவு வேண்டும்" என்கிறார். கம்பெனிக்கு எழுதினால், 'தங்கள் கடிதம் கண்டு வருந்துகிறோம். தங்கள் டீலருக்கு அனுப்பியிருக்கிறோம்' என்று பதில் வருகிறது. விற்பனை நாளில் டீலரின் சட்டையிலும் சுவரிலும் சாவியிலும் இருந்த கம்பெனியின் முத்திரை, சண்டை என்று வந்ததும் மாயமாகிவிடுகிறது. இதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. கோவாவில் ஒருவருக்கு 2009-இல் தயாரான காரை 2011 மாடல் என்று ஒரு டீலர் விற்றுவிட்டார். அந்த வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், கம்பெனிக்கும் டீலருக்கும் உள்ளது இரண்டு தனி வியாபாரிகளுக்கு இடையில் உள்ள உறவு. கம்பெனிக்குச் சம்பந்தம் உண்டென்று காட்டப்படாதபோது டீலர் செய்ததற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று விடுவித்துவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் வாங்குகிறவன் கம்பெனியின் பெயரை நம்பித்தானே அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறான்?

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ஆம் வருஷத்துச் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. நல்ல சட்டம் என்றே சொல்வேன். நாம் குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பத்தரை லட்சம் ரூபாய்க் காருக்கு நான் கட்டிய கட்டணம் 400 ரூபாய். 'குறை' என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கிற விளக்கமும் தாராளமானது; வியாபாரி தானே பறைசாற்றிய தரத்துக்குச் சரக்கு குறைந்திருந்தால்கூட அது குறைதான். ஆனால் பரிசோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்று ஆணையம் கருதினால், சரக்கைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கான கட்டணத்தைப் புகார் கொடுத்தவனையே முதலில் கட்டச் சொல்லலாம். கருவி வைத்திருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏமாந்தவன் பணம் கட்டி நிபுணரைக் கொண்டுவர வேண்டும். கட்ட முடியாதவன் எத்தனை பேர் இந்த இடத்தில் நின்றிருப்பார்கள்!

உச்ச நீதிமன்றம் இரண்டு விதமாகவும் பேசியிருக்கிறது. 2006-இல் ஒரு வழக்கில், உத்தரவாதப் பத்திரம் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்கிறது, காரையே மாற்றிக் கொடுக்கச் சொல்ல முடியாது என்று தீர்ப்பாயிற்று. இந்தத் தீர்ப்பைக் கார்க் கம்பெனி வக்கீல்கள் கந்த சஷ்டி கவசம் போல மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் 2022 ஏப்ரலில் வேறொரு வழக்கு. விபத்தில் காற்றுப் பைகள் விரியவில்லை. மோதிய வேகம் போதாது என்றது கம்பெனி. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுச் சொல்ல வாங்குகிறவன் பௌதிக சாஸ்திர நிபுணனாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, புதுக் கார் கொடுக்க வேண்டும் என்ற கீழ் ஆணையத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. என் மனுவில் அந்தத் தீர்ப்பைத்தான் பெரிதாகக் காட்டியிருக்கிறேன்.

அமெரிக்காவில் கனெக்டிகட் என்ற ராஜ்யம் 1982-இலேயே இதற்கென்று தனிச் சட்டம் செய்தது. 'எலுமிச்சம்பழச் சட்டம்' என்றே அதற்குப் பெயர். குறித்த காலத்துக்குள் ஒரே கோளாறுக்கு நான்கு தடவை பழுது பார்த்தும் தீரவில்லை, அல்லது வண்டி மொத்தம் முப்பது நாள் பட்டறையில் கிடந்தது என்றால், வேண்டிய மட்டும் பழுது பார்த்தாகிவிட்டது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று சொல்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும். என் வண்டி ஆறு தடவை, நாற்பத்தோரு நாள். அந்த ஊரில் நான் வாதாடவே வேண்டியிருந்திருக்காது. எண்ணத் தெரிந்தால் போதும். இப்படி ஒரு எண்ணிக்கையை நம் சட்டத்தில் சேர்ப்பதற்கு யாருக்கு என்ன நஷ்டம்? கூடவே இன்னொன்று: வாடிக்கையாளர் சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே, அவர் பாஷையிலேயே ஜாப் கார்டில் எழுத வேண்டும் என்று ஒரு விதி. பம்பின் விலையோடு ஒப்பிட்டால் மை செலவு அதிகமாகாது.

ஒரு காலத்தில் அம்பாஸிடருக்கும் பியட்டுக்கும் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். கிடைத்ததே பாக்கியம் என்று கதவு மூடாவிட்டாலும் கயிறு கட்டி ஓட்டினார்கள். போட்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். போட்டி வந்தது; வாசல் வரையில்தான் வந்தது. கையெழுத்துக்கு முன்னால் பத்துப் பேர் வந்து வந்து அழைக்கிறார்கள். கையெழுத்துக்குப் பின்னால் பட்டறையில் நிற்கிறவனுக்கு அன்றும் இன்றும் ஒரே மரியாதைதான்.

2023 அக்டோபரில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டேன். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். மேலே பதினைந்து நாள் சலுகை கேட்கலாம். சலுகை கேட்டு, நாற்பத்து மூன்றாவது நாள் பதில் வந்தது. பதினெட்டுப் பக்கம். நான் வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருப்பதை இரண்டு இடத்தில் எடுத்துக் காட்டியிருந்தார்கள். ஆறு ஜாப் கார்டுகளில் ஐந்தில் 'குறை காணப்படவில்லை' என்று இருப்பதைப் பட்டியல் போட்டிருந்தார்கள். ஆறாவது கார்டில் 'சம்பந்தமில்லாத கையெழுத்துக் குறிப்பு' ஒன்று இருப்பதாகவும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள். பதினான்காவது பாராவில், 'மனுதாரர் கற்பனைக் கதைகள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர். மனுவில் கூறப்படும் சம்பவங்களும் அத்தன்மையனவே' என்று கண்டிருந்தது. என்னைப் பற்றி வந்த விமரிசனங்களில் கதை ஜோடிக்கும் திறமையை இவ்வளவு தாராளமாக ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆனால் அந்தச் 'சம்பந்தமில்லாத கையெழுத்துக் குறிப்பை' ஆணையத்தின் தலைவர் ஒரு முறைக்கு இரு முறை படித்தார். "இதை வாங்கிக்கொண்டு ரப்பர் முத்திரை போட்டிருக்கிறீர்களே? அப்புறம் என்ன சோதித்தீர்கள்?" என்று கேட்டார். எதிர்க்கட்சி வக்கீல் அவகாசம் வேண்டும் என்றார். வண்டியை அரசாங்க இன்ஜினீயரிங் கல்லூரி ஒன்றின் நிபுணரைக் கொண்டு சோதிக்க உத்தரவாயிற்று. சோதனைக் கட்டணத்தை நான் கட்ட வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. கட்டிவிட்டேன். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருந்ததை மூன்று தடவை படித்துப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொண்டேன்.

போன கிருத்திகைக்கு என் தாயார் பழனிக்குப் புறப்பட்டாள். டாக்ஸி பிடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.